ஒரு மேசையில் 2 மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும்? ஆபீஸ் ஃபர்னிச்சருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

200 பேர் உட்காரப் போகும் ஒரு புதிய அலுவலகம். 200 மேசை, 200 நாற்காலி, நாலைந்து மீட்டிங் ரூம், ஒரு ரிசப்ஷன் கவுன்ட்டர். "கடைக்குப் போனோமா, ஆர்டர் போட்டோமா, லாரியில இறக்கினோமா... இதுல என்ன டெக்னிக்கல் சவால் வேண்டிக் கிடக்கு?" என்று கேட்கத் தோன்றும்.

கடையில் வாங்கும் மேசை, கடையில் இருக்கும் வரை கச்சிதமாகத்தான் இருக்கும். அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரியும். வரிசைக்கு நடுவே ஒரு தூண் நிற்கும். தரையில் வைத்திருக்கும் பிளக் பாயின்ட் மேசைக் காலுக்கு நேர் கீழே வந்து மாட்டும். நிறுவனம் கேட்ட நீலம் ஒன்று, கேட்டலாக்கில் இருக்கும் நீலம் வேறொன்று. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் இடத்துக்கென்றே அளவெடுத்து ஃபர்னிச்சர் செய்யச் சொல்கின்றன, டெய்லரிடம் கொடுத்துச் சட்டை தைப்பதுபோல.

ஒரே வித்தியாசம், இங்கே ஒரே சட்டையை 200 தடவை தைக்கிறார்கள். காலர் அரை இன்ச் தப்பினால் 200 காலரும் தப்பும்.

வீட்டுக்கு வார்ட்ரோப் செய்யும் ஆசாரிக்கு இந்தப் பயம் கிடையாது. சுவர் கோணலாக இருந்தால் பலகையை அங்கேயே கொஞ்சம் இழைத்து ஒட்டிவிடுவார். அலுவலக மேசைக்கான பலகையோ தொழிற்சாலையிலேயே வெட்டி, ஓரத்துக்கு எட்ஜ் பேண்ட் ஒட்டி, திருகுக்குத் துளையும் போட்டு வருகிறது. சைட்டில் நடப்பது பூட்டும் வேலை மட்டும்தான். அங்கே ரம்பத்தை எடுக்கும் நிலை வந்துவிட்டாலே, முன்னால் எங்கோ ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கவிழ்ந்து விழுந்த நாற்காலி

இந்தத் துறையில் உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலம், ரசீன் நகரம். மெழுகு தயாரிக்கும் எஸ்.சி.ஜான்சன் நிறுவனம் தன் தலைமை அலுவலகத்தைக் கட்டும் பொறுப்பை ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் கொடுத்தது. 1936-ல் தொடங்கிய வேலை 1939-ல் முடிந்தது. ரைட் கட்டடத்தோடு நிற்கவில்லை. அதற்குள் போட வேண்டிய மேசை, நாற்காலி என 40-க்கும் மேற்பட்ட ஃபர்னிச்சர்களையும் அவரே வடிவமைத்தார். அவற்றைச் செய்து கொடுத்தது மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேபிட்ஸில் இருந்த மெட்டல் ஆபீஸ் ஃபர்னிச்சர் கம்பெனி. இன்று ஸ்டீல்கேஸ் என்ற பெயரில் நமக்குத் தெரிந்த நிறுவனம் அதுதான்.

மேசைகள் அழகு. கட்டடத்தின் வளைவுகளுக்குப் பொருத்தமாக முனைகள் உருண்டிருந்தன. டிராயர்களை முன்னால் இழுக்க வேண்டாம். கதவு திறப்பதுபோல ஒரு பக்கமாகச் சுழன்று வெளியே வரும்.

சிக்கல் நாற்காலியில் வந்தது. ஊழியர்களுக்கான நாற்காலிக்கு ரைட் மூன்று கால்தான் வைத்தார். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தால் அது நிற்கும். கால் மேல் கால் போட்டாலோ, கீழே விழுந்த பென்சிலை எடுக்கப் பக்கவாட்டில் சாய்ந்தாலோ கவிழும். சரியாக உட்கார வைப்பதற்காகவே அப்படிச் செய்ததாக விளக்கம். ஊழியர்கள் விழத் தொடங்கினார்கள். ரைட்டையே அதில் உட்காரச் சொன்னார்கள், அவரும் விழுந்தார், பிறகுதான் ஒப்புக்கொண்டார் என்று ஒரு கதையும் சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்கு உண்மையோ, நாற்காலிக்கு நான்காவது கால் வந்தது உண்மை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. அதே கட்டடத்தின் தூண்கள் அடியில் வெறும் 9 அங்குலம், உச்சியில் 18 அடி அகலத்துக்கு விரியும் தாமரை இலை மாதிரியான வடிவம். இது நிற்குமா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். 12 டன் தாங்க வேண்டும் என்றார்கள். 1937-ல் முழு அளவில் ஒரே ஒரு தூணை மட்டும் கட்டி, அதன் தலையில் மூட்டை மூட்டையாகப் பாரம் ஏற்றினார்கள். சுமார் 60 டன் வரை தாங்கியது. எல்லார் கண் முன்னாலும் நடந்த சோதனை அது.

ஆக, தூணைச் சோதித்தது பாரம். நாற்காலியைச் சோதித்ததோ அதில் உட்கார்ந்து சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். இத்தனைக்கும் பஃபலோ நகரில் 1906-ல் திறந்த லார்க்கின் நிறுவன அலுவலகத்துக்கும் ரைட் ஒரு மூன்று கால் நாற்காலி செய்திருந்தார். அதுவும் கவிழும். ஊழியர்கள் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'தற்கொலை நாற்காலி'. முப்பது வருடம் கழித்தும் அந்த அனுபவம் வரைபடத்துக்குள் வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

'மாக்-அப்' எதற்கு?

இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் இன்று ஒரு நடைமுறை இருக்கிறது. மொத்த ஆர்டரையும் வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு மேசையை, இல்லையென்றால் நான்கு பேர் உட்காரும் ஒரு தொகுப்பை, முழு அளவில் செய்து கிளையன்ட் முன்னால் வைப்பார்கள். இதற்குப் பெயர் மாக்-அப். அதில் உட்கார்ந்து பார்த்து, டிராயரைத் திறந்து பார்த்து, லேப்டாப் சார்ஜரைச் செருகிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற 199-க்கும் பலகை வெட்ட வேண்டும்.

நடைமுறையில் முதலில் வெட்டு விழுவது இந்த மாக்-அப்புக்குத்தான். அலுவலகம் திறக்கும் தேதி முடிவாகிவிட்டது, நாள் இல்லை, "3டி படம்தான் பார்த்துட்டோமே" என்பார்கள். 3டி படத்தில் முழங்கால் இடிக்காது. மேசைக்கு அடியில் ஓடும் இரும்புச் சட்டம் தொடையில் உரசுகிறதா என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். மாக்-அப்பைப் பார்க்க மேனேஜர் மட்டும் வருவதும் போதாது. 6 அடி உயரமுள்ளவர் ஒருவர், 5 அடி உயரமுள்ளவர் ஒருவர் என உட்கார வைத்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. வழக்கமான 750 மி.மீ. உயர மேசையில் 5 அடிப் பெண் ஒருவர் கையை வசதியாக வைக்க நாற்காலியை ஏற்றிக்கொள்வார். அப்போது பாதம் அந்தரத்தில் தொங்கும். ஃபுட் ரெஸ்ட் வேண்டும் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஒரு வருடம் கழித்து முதுகுவலியாகத் தெரியும்.

வரைபடத்தில் ஒரு கட்டடம், சைட்டில் ஒரு கட்டடம்

இப்போது தலைப்பில் உள்ள 2 மில்லிமீட்டருக்கு வருவோம்.

இரண்டு தூண்களுக்கு நடுவே 12 மீட்டர் இடம். 1,200 மி.மீ. மேசைகள் 10 போட்டால் கணக்கு கச்சிதம். காகிதத்தில் மட்டும்! வெட்டும்போதும் எட்ஜ் பேண்ட் ஒட்டும்போதும் பூட்டும்போதுமாகச் சேர்ந்து ஒவ்வொரு மேசையும் 2 மி.மீ. கூடிவிட்டால், பத்தாவது மேசை 20 மி.மீ. வெளியே நிற்கும். போதாக்குறைக்கு வரைபடத்தில் இருப்பது பெரும்பாலும் பூச்சுக்கு முந்தைய தூண். ஒரு பக்கப் பூச்சு 15 மி.மீ. என்று வைத்தாலும் இரண்டு தூண்களும் சேர்ந்து 30 மி.மீ. இடத்தைத் தின்றுவிடும். மொத்தம் 50 மி.மீ. போச்சு. கடைசி மேசை உள்ளே நுழையாது.

அனுபவசாலிகள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். முதலாவது, பூச்சு முடிந்த பிறகு லேசர் மீட்டரால் மறுபடியும் அளப்பது; ஒரே இடத்தை மட்டும் அளக்காமல் தரையோரம், மேசை உயரம், இரண்டிலும் அளப்பது. சுவர் நட்டுக்குத்தலாக இல்லாவிட்டால் இரண்டு அளவும் ஒத்துப்போகாது. இரண்டாவது, தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வரிசையின் ஒரு முனையில் சின்ன இடைவெளி விட்டுவிடுவது. கடைசியில் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு ஃபில்லர் பட்டையை வெட்டி அடைப்பார்கள். நல்ல ஃபிட்டர் செய்த ஃபில்லர் கண்ணில் படவே படாது.

தரைக்கும் இதே கதை. ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் மட்டம் மாறும். அதற்காகத்தான் மேசைக் காலின் அடியில் திருகிக் கூட்டிக் குறைக்கும் பாதம் இருக்கிறது. உங்கள் மேசை ஆடினால் காகிதத்தை மடித்து வைக்க வேண்டாம், அந்தப் பாதத்தைத் திருகிப் பாருங்கள்.

கேபிள் ஓடும் உயர்தளத் தரை போட்ட அலுவலகங்களில் இன்னொரு கணக்கும் சேரும். அந்தத் தரை 600-க்கு 600 மி.மீ. கட்டங்களால் ஆனது. மேசை 1,200 மி.மீ. என்றால் இரண்டு கட்டத்துக்கு ஒரு மேசை. பிளக் பாக்ஸ் எல்லா மேசைக்கும் ஒரே இடத்தில் வரும். "கொஞ்சம் தாராளமா 1,350 வெச்சுக்கலாமே" என்று யாராவது சொன்னால், மூன்றாவது மேசையிலேயே பாக்ஸ் நகர்ந்து காலடியில் வந்து நிற்கும்.

25 மி.மீ. கூடினால் பலகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம்

கிளையன்டுக்கு விளக்கவே முடியாமல் பலர் தவிக்கும் இடம் இது. சந்தையில் அதிகம் புழங்கும் பலகை 8-க்கு 4 அடி, அதாவது 2,440 x 1,220 மி.மீ. இதில் 1,200 x 600 அளவில் மேசைப் பலகை நான்கு கிடைக்கும். ரம்பம் தின்னும் சில மில்லிமீட்டரும் அதற்குள் அடங்கிவிடும். 200 மேசைக்கு 50 பலகை.

இப்போது அகலத்தை 625 ஆக்கச் சொல்கிறார் கிளையன்ட். ஒரு இன்ச்தான் அதிகம். 625-ஐ இரண்டு தடவை வைத்தால் 1,250. பலகையின் அகலம் 1,220. அவ்வளவுதான், குறுக்கே திருப்பி வெட்டினாலும் ஒரு பலகையில் மூன்றே மேசை. 50 பலகை 67 ஆகிவிட்டது. மிஞ்சும் துண்டை டிராயர் பெட்டிக்கோ ஷெல்ஃபுக்கோ பயன்படுத்தலாம், அல்லது பெரிய அளவுப் பலகை தேடலாம். ஆனாலும் போட்ட கொட்டேஷன் அத்தனையும் மாறிப்போகும். "ஒரு இன்ச்தானே சார், பாத்துக்கலாம்" என்று தலையாட்டிவிட்டு நஷ்டப்படும் சிறு பட்டறைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீளத்தைக் கூட்டினால் வேறு ஆபத்து. நடுவில் ஒரே பாரத்தை வைத்தால், பலகையின் தொய்வு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 1,200-ஐ 1,800 ஆக்கினால் நீளம் ஒன்றரை மடங்குதான், தொய்வு ஏறக்குறைய 3.4 மடங்கு. தடிமனோ எதிர்த் திசையில் வேலை செய்யும். 18 மி.மீ. பலகைக்குப் பதில் 36 மி.மீ. போட்டால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். 36 மி.மீ. போட்டால் எடையும் விலையும் ஏறும் என்பதால், வழக்கமாக 25 மி.மீ. பலகையைப் போட்டு அடியில் இரும்புச் சட்டம் கொடுக்கிறார்கள். பார்ட்டிக்கிள் போர்டுக்கு இன்னொரு குணம் உண்டு: பாரம் மாதக்கணக்கில் மேலேயே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, பாரத்தை எடுத்த பிறகும் முழுதாக நிமிராது. அலுவலக ஷெல்ஃபில் ஃபைல் அடுக்கிய தட்டு சிரிப்பதுபோல வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மானிட்டர் ஆர்ம் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். மேசையின் பின்விளிம்பில் கவ்விப் பிடிக்கும் அந்தக் கை, மொத்தப் பாரத்தையும் உள்ளங்கை அளவு இடத்தில் இறக்கும். பார்ட்டிக்கிள் போர்டு அங்கே நசுங்கிவிடும். மேலும் கீழும் ஒரு இரும்புத் தகடு வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஆனால் மானிட்டர் ஆர்ம் வரப்போகிறது என்பதை ஐ.டி. டீம் ஃபர்னிச்சர் செய்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

மேசை எழுந்து நின்றால் கேபிள் என்ன செய்யும்?

பட்டனை அழுத்தினால் உயரும் மேசைகள் இப்போது பல அலுவலகங்களில் வந்துவிட்டன. மேசை 650 மி.மீ.லிருந்து 1,250 வரை ஏறுகிறது என்றால், தரையிலிருந்து வரும் ஒவ்வொரு கேபிளும் குறைந்தது 600 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் நீளம் மேசை இறங்கும்போது தரையில் சுருண்டு காலில் சிக்கவும் கூடாது. முதுகெலும்பு போலக் கோத்த ஒரு பிளாஸ்டிக் சங்கிலிக்குள் கேபிளை விட்டு இதைச் சமாளிக்கிறார்கள். இதை மறந்த இடத்தில், முதல் நாள் யாராவது மேசையை உயர்த்தும்போது பிளக் பிடுங்கிக்கொண்டு வரும்.

சாதாரண மேசை வரிசையில் பக்கத்து மேசையோடு ஒரே சட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். உயரும் மேசையில் அது நடக்காது. ஒவ்வொன்றும் தனியாக நிற்க வேண்டும், நடுத்தடுப்பு எதனுடனும் ஒட்டாமல் இருக்க வேண்டும், இரண்டு மேசைக்கு நடுவே விரல் நசுங்காதபடி 25 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஜன்னல் திண்டு மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மேசை போய் அதில் இடிக்கும். பழைய வரைபடத்தில் மேசையை மட்டும் மாற்றி வரைந்தால் இவையெல்லாம் விட்டுப்போகும்.

மின்சார வயரையும் டேட்டா கேபிளையும் ஒரே பாதையில் திணிப்பது இன்னொரு பழைய வியாதி. நடுவில் தடுப்பு வைத்த டிரே போட்டு இரண்டையும் பிரிக்க வேண்டும். பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது, நெட்வொர்க்கும் அதில் அடங்கியிருக்கிறது.

தண்ணீரும் ஏ.சி.யும்

சென்னை மாதிரியான ஊரில் மரப் பொருளுக்கு இரட்டை அடி. ஏ.சி. இன்னும் ஓடாத, பெயின்ட் இன்னும் காயாத சைட்டில் பலகையை இறக்கினால் அது ஈரத்தைக் குடிக்கும். திறப்பு விழாவுக்கு ஏ.சி. போட்டதும் அதே மரம் காயத் தொடங்கும். தேக்கு போன்ற அசல் மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அகலமான தேக்கு மேசையை இறுக்கித் திருகி வைத்தால் வெடிப்பு விடும். இதற்காகவே அடியில் உள்ள பிராக்கெட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள் துளை வைப்பார்கள். மரம் நகர, திருகு வழி விடும்.

பார்ட்டிக்கிள் போர்டுக்கு எமன் ஈர மாப். தினமும் தரை துடைக்கும்போது டிராயர் பெட்டியின் அடிவிளிம்பில் தண்ணீர் ஏறி, சில மாதத்தில் பிஸ்கட் ஊறுவதுபோல உப்பிவிடும். நாலு பக்கமும் எட்ஜ் பேண்ட் ஒட்டியவர், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விட்டிருப்பார். அந்த அடிப்பக்கத்துக்கும் பேண்ட் ஒட்டிக் கீழே பிளாஸ்டிக் பாதம் வைக்க ஆகும் செலவு சொற்பம். பேன்ட்ரியிலும் ரெஸ்ட் ரூம் பக்கத்திலும் மட்டுமாவது ஐஎஸ் 710 தரத்து வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் கேட்டு வாங்குவது நல்லது.

லிஃப்ட்டுக்குள் போகாத மேசை

14 பேர் உட்காரும் கான்ஃபரன்ஸ் மேசையை ஒரே பலகையாக 4.8 மீட்டரில் வரைந்து, ஏழாவது மாடிக்கு என்று எழுதியிருப்பார்கள். எந்த பாசஞ்சர் லிஃப்ட்டிலும் அது நுழையாது. மாடிப்படித் திருப்பத்திலும் திரும்பாது. மூன்று துண்டாகச் செய்து மேலே பூட்ட வேண்டும், பூட்டிய கோடு தெரியக் கூடாது. கெட்டிக்காரர்கள் அந்தக் கோட்டைப் பிளக் பாக்ஸ் வரும் இடத்தில் கொண்டுபோய் மறைத்துவிடுவார்கள். வெனீர் ஒட்டிய மேசை என்றால் மூன்று துண்டுக்கும் ஒரே மரத்தில் அடுத்தடுத்து சீவிய தாள்களை வரிசை எண் மாறாமல் ஒட்ட வேண்டும். ஒன்று மாறினாலும் மரத்தின் கோலம் நடுவில் அறுந்து நிற்கும்.

ஐ.டி. பார்க்குகளில் பெரும்பாலும் இரவில்தான் சரக்கு ஏற்ற விடுவார்கள். கேட் பாஸ், சர்வீஸ் லிஃப்ட் நேரம், லாரி வந்து சேரும் நேரம் மூன்றும் ஒத்துவராத இரவில், பத்துப் பதினைந்து பேர் கூலி வாங்கிக்கொண்டு பார்க்கிங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் செலவு எந்த கொட்டேஷனிலும் தனியாக இருப்பதில்லை.

யார் தலையில் விடியும்?

வேலை முடிந்ததும் கிளையன்ட், ஆர்க்கிடெக்ட், கான்ட்ராக்டர் மூவரும் சுற்றி வந்து குறைகளைப் பட்டியல் போடுவார்கள். இங்கே கீறல், அங்கே டிராயர் இடிக்கிறது, இந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை. அந்தப் பட்டியல் தீரும் வரை பில்லில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும். பெரிய நிறுவனத்துக்கு அது வெறும் தொகை. பலகையைக் கடனில் வாங்கிய சிறு பட்டறைக்கு லாபமே அதுதான்.

ஆகவே தப்பு யாருடையது என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. தூண் அளவு தவறா, வரைபடம் தவறா, வெட்டியது தவறா? கையெழுத்துப் போட்ட வரைபடமும், கையெழுத்துப் போட்ட மாக்-அப்பும் இருந்தால் பதில் உண்டு. "வாட்ஸ்அப்ல சொன்னேனே" என்பதை வைத்துக்கொண்டு சண்டைதான் போட முடியும். தரத்துக்கும் இதே வழிதான். "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்று எழுதாமல், மேசைக்கு ஐஎஸ் 17633, வேலை நாற்காலிக்கு ஐஎஸ் 17631 என்று இந்தியத் தர எண்களைக் குறிப்பிட்டால் இரண்டு தரப்புக்கும் அளவுகோல் ஒன்றாகிவிடும். பன்னாட்டு நிறுவனங்கள் அமெரிக்காவின் பிஃப்மா தரச் சோதனைகளைக் கேட்பதும் இதற்காகத்தான். நாற்காலி கவிழுமா என்று பார்ப்பதும் அந்தச் சோதனைகளில் உண்டு.

இன்னொன்றையும் ஆர்டர் கொடுக்கும் அன்றே எழுதி வாங்கிவிட வேண்டும். லேமினேட்டின் நிறம் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி லேசாக மாறும். கோட் எண் ஒன்றாக இருந்தாலும் மாறும். இரண்டு வருடம் கழித்து 30 பேர் கூடுதலாகச் சேர்ந்து, அதே மாடல் மேசைகளைப் பக்கத்தில் போடும்போதுதான் அது கண்ணை உறுத்தும். முதல் ஆர்டரிலேயே அதே தொகுதியில் சில பலகைகளைக் கூடுதலாக வாங்கி, நேராக நிறுத்தாமல் மட்டமான தரைப்பலகை மேல் படுக்க வைத்து, மூடிக் குடோனில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். நேராகச் சாய்த்து வைத்த பலகை இரண்டு வருடத்தில் வில்லாகியிருக்கும்.